வலிக்காமல் வடிந்துபோன 390 மில்லி

மேற்கு மாம்பலத்தில் வீட்டின் முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருடமாக ஜாக்கெட்தான் எனக்குச் சோறு போடுகிறது. எத்தனை ஆயிரம் பெண்களுக்கு மார்பளவு எடுத்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. 2023 ஜூலையில் என் ஜாக்கெட்டின் லைனிங் துணியில் இடது பக்கம் மிளகளவுக்கு ஒரு ரத்தக் கறை இருந்தது. ஊசி குத்தியிருக்கும் என்று நினைத்துத் துவைத்துப் போட்டேன். மறுநாளும் அதே இடத்தில் அதே கறை. மேமோகிராம், பயாப்ஸி என்று ஒவ்வொன்றாக முடிந்து, பால் நாளங்களுக்குள்ளேயே நின்றிருக்கும் புற்று, வெளியே தாண்டவில்லை, ஆனால் பல இடங்களில் இருப்பதால் மார்பை முழுதாக எடுப்பதுதான் சரி என்றார்கள். கீமோ வேண்டாம், ரேடியேஷன் வேண்டாம் என்றதும் தப்பித்தோம் என்றுதான் தோன்றியது. அந்தப் பகுதியைப் பற்றி எழுதப் போவதில்லை. அதற்கு ஆலோசனை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு, மார்பை மறுபடி உருவாக்க உள்ளே வைத்த பை ஒழுகி எனக்கு நடந்ததைச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

மார்பை எடுக்கும் அதே அறுவைசிகிச்சையில் மறுசீரமைப்புக்கும் அடி போட்டுவிடலாம் என்று பிளாஸ்டிக் சர்ஜன் சொன்னார். தசைக்கு அடியில் சிலிக்கான் உறையால் ஆன வெறும் பை ஒன்றை வைப்பார்கள். எக்ஸ்பாண்டர் என்று பெயர். வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை தோல் வழியாக ஊசி போட்டு அதற்குள் சலைன் ஏற்றுவார்கள். கர்ப்பத்தில் வயிற்றுத் தோல் மெல்ல விரிந்து கொடுப்பது போல மார்புத் தோலும் தசையும் விரியும். போதுமான இடம் கிடைத்ததும் பையை எடுத்துவிட்டு நிரந்தர இம்ப்ளான்ட் வைப்பார்கள். ஊசி போடுவதற்கென்று பையின் முன்பக்கம் ஒரு ரூபாய்க் காசு போல ஒரு வட்டம் உண்டு, அதைப் போர்ட் என்கிறார்கள். உள்ளே காந்தம் இருக்கும். வெளியே ஒரு குட்டிக் காந்தத்தைத் தொங்கவிட்டால் அது எங்கே நேராக நிற்கிறதோ அங்கே பேனாவால் குறி போட்டு ஊசியை இறக்குவார்கள். தரையில் சிந்திய குண்டூசியைப் பொறுக்கக் காந்தம் வைத்திருப்பவள் நான். முதல் தடவை பார்த்தபோது சிரித்தே விட்டேன்.

செப்டம்பர் கடைசியில் அறுவைசிகிச்சை. அக்கா கும்பகோணத்திலிருந்து வந்து பன்னிரண்டு நாள் இருந்தாள். மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்ததும் போக வேண்டியதாயிற்று. கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தான், கடைசி வருடம், கேம்பஸ் இன்டர்வியூ நேரம். அவனிடம் சின்னக் கட்டி, எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஆக, காயத்தில் ஊறும் நீரை வடிக்க இடுப்பில் தொங்கிய இரண்டு ட்ரெய்ன் குழாய்களோடு நானும் என் மிஷினும். ட்ரெய்னில் ஒரு நாளில் வடிவது 30 மில்லிக்குக் கீழே இறங்கினால்தான் குழாயை எடுப்பார்கள் என்பதால் காலையும் மாலையும் அளந்து எழுதச் சொன்னார்கள். அப்படித்தான் அந்த நோட்டு ஆரம்பித்தது. வாடிக்கையாளர் அளவு எழுதும் நீள நோட்டு, கடைசிப் பத்துப் பக்கம் எனக்கு.

குழாய் எடுத்த பிறகும் பழக்கம் விடவில்லை. முதுகெலும்பின் நடுவில் டேப்பை வைத்து, அக்குளுக்கு அடியில் கொண்டுவந்து, நெஞ்செலும்பின் நடுவரைக்கும் அரைச்சுற்று. வலது 18½ இன்ச். இடது, ஆபரேஷன் தியேட்டரிலேயே ஏற்றிவிட்ட 100 மில்லியோடு, 15¾. அக்டோபர் 20 அன்று முதல் 60 மில்லி. அடுத்து 30ஆம் தேதி, நவம்பர் 7, நவம்பர் 15, நவம்பர் 24. ஒவ்வொரு முறையும் 60. ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் நெஞ்சில் யாரோ பலகையை வைத்துக் கட்டியது போல் இறுக்கம், பாராசிட்டமால், பிறகு சரியாகிவிடும். தீபாவளி நவம்பர் 12. அந்த வருடம் கட்டிங் மட்டும் நான் செய்தேன், தைத்ததெல்லாம் கடையில் வேலை செய்யும் பெண்கள் இருவரும்தான். நவம்பர் 24 அன்று பையில் 400 மில்லி, இடது 18. இன்னும் ஒரே தடவை, அப்புறம் இரண்டு மாதம் ஆறவிட்டு பிப்ரவரியில் இம்ப்ளான்ட் என்று திட்டம்.

அந்த ஐந்தாவது தடவையைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பெரிய டாக்டர் இல்லை. ஜூனியர் ஒருவர் ஏற்றினார். வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள், அவசரம். காந்தத்தை வைத்துப் பார்த்தார், ஆனால் குறி போடவில்லை. முதல் குத்தில் சலைன் போகவில்லை. ஊசியை வெளியே எடுக்காமல் உள்ளேயே சாய்த்துத் தேடினார். இரண்டாவது குத்து கொஞ்சம் தள்ளி. மூன்றாவதில்தான் போனது. அந்தப் பக்கம் எனக்குத் தோலில் உணர்வே இல்லை, அதனால் வலிக்கவில்லை. ஆனால் கண் பார்த்துக்கொண்டிருந்தது. தைக்கிறவளுக்கு ஒரு குத்து தப்பினால் தெரியும். பட்டுத் துணியில் தப்பான இடத்தில் ஊசி இறங்கினால், பிரித்தாலும் துளை துளைதான். இதை அன்றைக்கே வாய் திறந்து கேட்டிருக்க வேண்டும். டாக்டரிடம் போய் நாம் என்ன சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். போர்ட்டின் வட்டத்துக்குள் எத்தனை தடவை குத்தினாலும் அது தானே மூடிக்கொள்ளும், அதற்கென்றே செய்தது. உறையின் மற்ற இடம் அப்படியல்ல என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். சரியான இடத்தில் ஊசி இறங்கியதா என்று பார்க்கவும் வழி உண்டு. ஏற்றுவதற்கு முன் சிரிஞ்சைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தால் பழைய சலைன் தெளிவாகத் திரும்பி வர வேண்டும். பெரிய டாக்டர் ஒவ்வொரு தடவையும் அப்படி இழுத்துப் பார்த்தது நினைவிருக்கிறது. அன்றைக்கு அந்த இழுப்பு நடந்ததாக எனக்கு நினைவில்லை. உங்களுக்கு ஏற்றும்போது தைரியமாகக் கேளுங்கள்: "திரும்பி வந்துச்சா டாக்டர்?" கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அடுத்த நான்கைந்து நாளில் எனக்கு நடந்தது என்ன தெரியுமா? சுகமாக இருந்தது. பலகை கட்டிய இறுக்கம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் போனது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கக்கூட முடிந்தது. உடம்பு பழகிவிட்டது என்று அக்காவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். டிசம்பர் 2 சனிக்கிழமை டேப் வைத்தால் 17½. டேப் நழுவியிருக்கும் என்று மறுபடி வைத்தேன். அதே 17½. எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அவ்வளவுதான் செய்தேன். இதைப் படிக்கிற யாராவது இதே நிலையில் இருந்தால் இந்த ஒரு வரியை மட்டுமாவது பிடித்துக்கொள்ளுங்கள்: பை ஒழுகினால் வலிக்காது, காய்ச்சல் வராது. சுகமாகத்தான் இருக்கும். அதனால்தான் யாரும் நம்ப மாட்டார்கள், நாமே நம்ப மாட்டோம். தோல் மேல் லேசாகச் சுருக்கம், அழுத்தினால் பந்து போல் திருப்பித் தள்ளாமல் பாதித் தண்ணீர் அடைத்த பால் பாக்கெட் போல் குழைவது, குனிந்தால் ஒரு தளும்பல். இவைதான் அடையாளம்.

மறுநாள் இரவு மிக்ஜாம் புயல் மழை. சென்னைக்காரர்களுக்கு அந்த 2023 டிசம்பர் 4ஐப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் தெருவில் எப்போது மழை பெய்தாலும் தண்ணீர் நிற்கும், அன்றைக்கு வாசற்படி ஏறி உள்ளேயே வந்துவிட்டது. கடையில் வாடிக்கையாளர்களின் பட்டுப் புடவைகள், வெட்டிவைத்த துணிகள், ஓவர்லாக் மிஷின். யாரைக் கூப்பிடுவது? துணி மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கட்டிலில் ஏற்றினேன். மிஷினின் தலைப்பகுதியை மட்டும் கழற்றி, வலது கையால்தான் தூக்கினேன் என்று இன்றைக்கும் சொல்வேன், ஆனால் இடது கையும் பிடித்தது. மூன்று நாள் கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. மாடி வீட்டு மாமி குடிக்கத் தண்ணீரும் ரசம் சாதமும் இறக்கினார். 6ஆம் தேதி மெழுகுவத்தி வெளிச்சத்தில் அளந்தேன். 16½. கை நடுங்கியது. என்னாலதான், அந்த மிஷினைத் தூக்கினதாலதான், நானே கெடுத்துக்கொண்டேன் என்று அந்த இருட்டில் உட்கார்ந்து அழுதேன். மார்பு போனபோதுகூட நான் அப்படி அழவில்லை.

போன் வேலை செய்ததும் ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். "வீக்கம் வடிஞ்சிருக்கும்மா, நல்லதுதானே" என்றார் சிஸ்டர். 8ஆம் தேதி நேரில் போனேன். பெரிய டாக்டர் ஊரில் இல்லை, 18ஆம் தேதிதான் வருவார். டியூட்டி டாக்டர் கையால் தொட்டுப் பார்த்து, "தசை தளர்ந்திருக்கு, நார்மல்தான். வெயிட் ஏதாவது தூக்கினீங்களா?" என்று கேட்டுவிட்டு, விட்டுப்போன தவணையை ஏற்றினார். இன்னொரு 60. பில் 1,500 ரூபாய். வீட்டுக்கு வந்து அளந்தால் 17. மூன்று நாளில் 16¼. ஓட்டைக் குடத்தில் காசு கொடுத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு நான் செய்த தவறு, நோட்டை எடுத்துப் போகாதது. "குறைந்த மாதிரி இருக்கு டாக்டர்" என்று சொன்னால் அது பெண்ணின் கவலை. "400 மில்லிக்கு 18 இருந்தது, இப்போது 16½" என்று எழுத்தில் காட்டினால் அது கணக்கு. 13ஆம் தேதி நோட்டோடு போனேன். டாக்டரின் முகமே வேறு மாதிரி ஆனது. உடனே ஸ்கேன் எழுதினார்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் 2,200 ரூபாய். பையைச் சுற்றி நீர் தெரிகிறது, செரோமாவாக இருக்கலாம் என்று ரிப்போர்ட். அறுவைசிகிச்சைக்குப் பின் உடம்பே சுரந்து தேங்கும் நீருக்குத்தான் செரோமா என்று பெயர். அது இந்தச் சிகிச்சையில் சகஜம். பை ஒழுகுவது வேறு, செரோமா வேறு, ஆனால் இரண்டிலும் ஸ்கேனில் நீர்தான் தெரியும். எனக்குக் குழப்பம் என்னவென்றால், செரோமா என்றால் பக்கம் பெருக்க வேண்டும், எனக்குச் சிறுத்துக்கொண்டே போகிறதே. ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே ஊசியால் எடுக்கிறோம் என்றார்கள், அதற்கு 2,500. ஸ்கேன் பார்க்காமல் குத்தினால் பையிலேயே குத்திவிட வாய்ப்பு இருப்பதால் அப்படித்தான் எடுக்க வேண்டும், யாராவது ஓபியிலேயே சும்மா எடுத்துவிடலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 40 மில்லி வந்தது. சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டச் சொன்னேன். ட்ரெய்ன் பாட்டிலில் இரண்டு வாரம் பார்த்திருக்கிறேனே, உடம்பு சுரக்கும் நீர் வைக்கோல் நிறத்தில் லேசாகப் பிசுபிசுக்கும். இது குழாய்த் தண்ணீர் போலத் தெளிவு. "இது சலைன் மாதிரி இருக்கே டாக்டர்" என்றேன். ஸ்கேன் அறையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. லேபுக்கு அனுப்புகிறோம் என்றார்கள்.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. இன்னும் தெளிவாகப் பார்க்கலாம் என்று யாரோ எம்ஆர்ஐ எழுதிவிட்டார்கள். வெளியே ஒரு சென்டரில் 7,500 ரூபாய் கட்டி, 15ஆம் தேதி கவுனும் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே கூட்டிப் போக வந்த டெக்னீஷியன் பையன் என் மகன் வயதுதான் இருப்பான். "உடம்புக்குள்ள ஏதாவது மெட்டல் இருக்காம்மா?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டான். பல்லில் கேப் மட்டும்தான் என்று எழுதியிருந்தேன். காந்தம் ஞாபகமே வரவில்லை. என்ன ஆபரேஷன் என்று அவன் துருவித் துருவிக் கேட்டபோதுதான் போர்ட்டைச் சொன்னேன். அப்படியே நிறுத்திவிட்டான். போர்ட்டில் காந்தம் உள்ள எக்ஸ்பாண்டர்கள் பலவற்றோடு எம்ஆர்ஐ அறைக்குள் போகவே கூடாதாம், அந்தப் பெரிய காந்தம் உள்ளே இருக்கும் காந்தத்தை இழுத்து நகர்த்திவிடும், திருப்பிவிடும், சூடாக்கும். பணத்தைப் பத்து நாள் கழித்துத் திருப்பித் தந்தார்கள். அந்தப் பையனுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுக்க வேண்டும் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன், நான் சட்டை தைப்பதில்லை என்றாலும். உங்களுக்கு எக்ஸ்பாண்டர் வைத்திருந்தால் டிஸ்சார்ஜ் ஆகும்போதே அதன் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். மாடல், சீரியல் நம்பர், லாட் நம்பர் போட்ட ஸ்டிக்கர் பெட்டியிலேயே இருக்கும். ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள், ஒன்று நமக்கு. எனக்குத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது பர்ஸில் ஆதாருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ரேடியேஷன் எடுக்க வேண்டியவர்களும் அங்கே பை இருப்பதையும் அதில் எத்தனை மில்லி இருக்கிறது என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். நடுவில் அளவு மாறினால் அவர்கள் போட்ட கணக்கும் மாறிவிடும்.

18ஆம் தேதி பெரிய டாக்டர் வந்தார். இரண்டு நிமிட வேலை. காந்தத்தை வைத்தார், குறி போட்டார், இறக்கை வைத்த சின்ன ஊசியைப் போர்ட்டில் இறக்கி, ஏற்றுவதற்குப் பதில் இழுத்தார். மொத்தம் ஏற்றியது 460. திரும்ப வந்தது 70. அதற்கு மேல் இழுக்க இழுக்க வெற்றிடம்தான். 390 மில்லி காணவில்லை. இந்தப் பரிசோதனைக்கு ஸ்கேனும் வேண்டாம், 7,500 ரூபாயும் வேண்டாம். டிசம்பர் 8 அன்றே செய்திருக்கலாம். "எங்க டாக்டர் போச்சு அவ்வளவும்?" என்று கேட்டேன். அது வெறும் உப்புத் தண்ணீர், 100 மில்லிக்கு 0.9 கிராம் உப்பு, ரத்தம் உறிஞ்சி சிறுநீரில் போயிருக்கும், உடம்புக்குக் கெடுதல் இல்லை என்றார். சிவப்பாகி, சூடாகி, காய்ச்சலோ சீழோ வந்தால்தான் ஆபத்து, அப்போது மறுநாள்கூடக் காத்திருக்கக் கூடாதாம். எனக்கு அவசரம் வேறு வகையில் இருந்தது. பை சப்பிப்போய்க் கிடந்தால் அதைச் சுற்றி உடம்பு போட்டிருக்கும் தழும்புச் சவ்வு சுருங்க ஆரம்பிக்கும், விரித்த இடம் திரும்பப் போய்விடும். எனக்கு ஏற்கெனவே மூன்று வாரம் போயிருந்தது.

அப்புறம் அவரிடம் அந்த மிஷின் கதையைச் சொன்னேன். கேட்காமல் விட முடியவில்லை. எடை தூக்கினால் தையல் பிரியலாம், ரத்தம் கட்டலாம், பை இடம் மாறலாம், ஆனால் உறையில் ஓட்டை விழுவது வேறு விஷயம் என்றார். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர் டிசம்பர் 2இல் விரலை வைத்தார். "மழை என்னிக்குப் பெஞ்சுதும்மா?" என்று கேட்டார். 3 ராத்திரி. "அப்ப 2ஆம் தேதியே இறங்கியிருக்கே." நான் போட்ட கேள்விக்குறியை நானே பார்த்தேன். அந்தப் பன்னிரண்டு நாளும் என்னை நானே திட்டிக்கொண்டு தூங்காமல் கிடந்ததற்கு அந்த ஒரு வரியில் பதில் இருந்திருக்கிறது. ஆட்டோவில் வரும்போது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்தது பணம். பழைய பையை எடுத்துவிட்டுப் புதிய பை வைக்க வேண்டும், மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். முதுகுத் தசையையோ வயிற்றுத் தோலையோ எடுத்து மார்பு செய்யும் வழியும் உண்டு, ஆனால் அது பெரிய அறுவைசிகிச்சை, மிஷினில் உட்கார எத்தனை மாதம் ஆகுமோ என்று வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரி சொன்ன தொகை 1,62,000, அதில் எக்ஸ்பாண்டர் மட்டும் 52,000. முதல் அறுவைசிகிச்சைக்குக் கேஷ்லெஸ் கொடுத்த அதே இன்ஷூரன்ஸ், இப்போது 'அழகுச் சிகிச்சை' என்று மறுத்துவிட்டது. கையில் பாலிசிப் புத்தகம் இருந்தது. நாலைந்து ராத்திரி உட்கார்ந்து படித்தேன், புரியாத இடத்தை மாடி வீட்டு மாமியின் மருமகள் படித்துச் சொன்னாள். விலக்குகள் பட்டியலில் எக்ஸ்க்ளூஷன் 08 என்று ஒன்று இருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ எல்லா கம்பெனிக்கும் ஒரே மாதிரி வகுத்துக் கொடுத்த வாசகம். அழகுக்கான, பிளாஸ்டிக் சர்ஜரி செலவு கிடையாது என்று ஆரம்பிக்கும். அந்த வரியோடுதான் கம்பெனிக்காரர்கள் நிறுத்திக்கொள்வார்கள். விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் மறுசீரமைப்புக்கு இந்த விலக்கு பொருந்தாது என்று அதே வாக்கியம் தொடர்கிறது. அந்த வரியை அப்படியே எடுத்து எழுதி, புற்றுநோய்க்கான மறுசீரமைப்பின் தொடர்ச்சி இது, மருத்துவத் தேவை என்று டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் சான்று வாங்கி இணைத்து, கம்பெனியின் குறைதீர்ப்பு மெயிலுக்கு அனுப்பினேன். பதில் வராவிட்டால் அடுத்து இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன், கம்பெனி மேல் நாம் கொடுக்கும் புகாரை விசாரிப்பவர். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையிலேயே இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், கம்பெனிக்கு முதலில் எழுதி ஒரு மாதம் காத்திருந்திருக்க வேண்டும், மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மனுவைக்கூட எழுதி வைத்திருந்தேன். அதற்குள் பிப்ரவரியில் பணம் போட்டார்கள், முழுதாக அல்ல.

ஏன் முழுதாக இல்லை என்பதுதான் என் பெரிய முட்டாள்தனம். 2024 ஜனவரி 11 அன்று இரண்டாவது அறுவைசிகிச்சை. எடுத்த பையை எனக்குக் காட்ட வேண்டும் என்று முன்பே டாக்டரிடம் கேட்டிருந்தேன். மறுநாள் காலை ரவுண்ட்ஸில் கிட்னி ட்ரேயில் கொண்டுவந்தார். சப்பட்டையாக, மங்கலாக, தோசை மாவு வழித்த பாத்திரம் போல. அதில் கொஞ்சம் தண்ணீர் ஏற்றி இரண்டு விரலால் அழுத்தினார். போர்ட்டின் விளிம்பிலிருந்து அரை விரற்கடை தள்ளி, முடி போல மெல்லிய ஒரு நீர்க்கோடு பீய்ச்சியது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். என் 14 நம்பர் மிஷின் ஊசியைவிடச் சின்னத் துளை. சாய்வாக இறங்கிய குத்து. அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்துபோயிற்று. அந்தப் பையைப் பத்திரமாக எடுத்துவையுங்கள் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும் என எனக்குத் தோன்றவில்லை. பழுதானால் மாற்றுப் பை தருவதாகச் சில தயாரிப்பாளர்களிடம் ஏற்பாடு உண்டு. இன்ஷூரன்ஸ்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டு, தயாரிப்பாளரிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று 52,000ஐக் கழித்தார்கள். டிஸ்ட்ரிபியூட்டரிடம் கேட்டால் பழைய பையை அனுப்புங்கள், சோதித்துத்தான் சொல்வோம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால் அப்போதே மருத்துவக் கழிவோடு போய்விட்டது என்றார்கள். பையும் இல்லை, சான்றும் இல்லை. ஊசி குத்தியதென்று தெரிந்தால் தயாரிப்பாளர் எப்படியும் தந்திருக்க மாட்டார் என்பது வேறு கதை. ஆனால் யார் பொறுப்பு என்று பேசவாவது ஒரு பொருள் கையில் இருந்திருக்கும். அதனால் அறுவைசிகிச்சைக்கு முன்னாலேயே, கையெழுத்துப் போடும் தாளிலேயே, 'எடுக்கும் சாதனத்தைச் சோதனைக்காக வைத்திருக்கவும், போட்டோ எடுத்து டிஸ்சார்ஜ் சம்மரியில் குறிக்கவும்' என்று பேனாவால் எழுதிவிடுங்கள். அந்தத் தாளைப் பற்றி இன்னொன்று. முதல் தடவை நான் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தின் பதினோராவது வரியில் 'கசிவு, சுருங்குதல்' என்று ஆங்கிலத்தில் இருந்திருக்கிறது. எனக்குச் சொல்லாமல் ஏமாற்றிவிட்டார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. தமிழில் படித்துக் காட்டச் சொல்ல எனக்கு உரிமை இருந்தது, நான் கேட்கவில்லை.

மொத்தக் கணக்கு: பை 52,000, இன்ஷூரன்ஸ் தராத கையுறை, பஞ்சு வகையறா 4,000. டிசம்பர் மாதத்துப் பரிசோதனை, டாக்டர் ஃபீஸ், ஆட்டோ எல்லாம் கிட்டத்தட்ட 14,000. தை மாத முகூர்த்தத்துக்கு ஒத்துக்கொண்ட மூன்று கல்யாண ஆர்டரைத் திருப்பிக் கொடுத்ததில் 40,000. பிப்ரவரியில் முடிய வேண்டியது ஜூலைக்குப் போனது. பரிசோதனைச் செலவில்கூடக் கொஞ்சம் மீட்டிருக்கலாம். என் பாலிசியில் டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரைதான் செலவு தருவார்கள், அது நவம்பர் கடைசியோடு முடிந்தது. ஆனால் அடுத்த அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள் செலவும் கேட்கலாம், 13ஆம் தேதி ஸ்கேன் அதற்குள் வரும். இது எனக்குத் தெரிந்தபோது பில் கொடுக்கும் கெடு முடிந்திருந்தது. ஒரு வேலை மட்டும் செய்தேன். மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்பைப் பதிவு செய்ய 2015 முதல் மெட்டீரியோவிஜிலன்ஸ் என்று ஒரு திட்டம் இருக்கிறது, காசியாபாத்தில் உள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் நடத்துகிறது. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, நோயாளியே சொல்லலாம். 1800-180-3024 என்ற இலவச எண்ணில் கேட்டுப் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். பணம் எதுவும் கிடைக்காது. எழுதி வைத்தாயிற்று என்ற திருப்திதான். லாட் நம்பர் கேட்டிருந்தார்கள், கேஸ் ஷீட்டிலிருந்து கெஞ்சி வாங்க வேண்டியிருந்தது. அதற்காகவும்தான் அந்த ஸ்டிக்கரை முதலிலேயே வாங்கச் சொல்கிறேன்.

இரண்டாவது சுற்றில் நான் மாறிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நோட்டை நீட்டி, எத்தனை மில்லி, யார் ஏற்றியது, எத்தனை குத்து, திரும்பி வந்ததா என்று நானே எழுதி அவர்களிடம் இனிஷியல் வாங்கினேன். முதல் தடவை அந்த ஜூனியர் டாக்டரிடமே நீட்ட வேண்டி வந்தது. அவர் முகம் சிவந்தது. ஆனால் காந்தத்தை வைத்து, பேனாவால் குறி போட்டு, ஒரே குத்தில் இறக்கி, பின்னுக்கு இழுத்து எனக்குக் காட்டினார். "வந்துச்சுங்கம்மா." அவர் மேல் இருந்த கோபம் அன்றைக்குப் பாதி போயிற்று, மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. மகனிடமும் பொங்கலுக்கு வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஏம்மா சொல்லல?" என்று ஒரு தடவை கேட்டான், பிறகு ஜூலை வரைக்கும் ஒவ்வொரு ஃபில்லிங் அன்றும் சாயங்காலம் போன் பண்ணி, "எவ்வளவு இன்ச்?" என்றுதான் ஆரம்பித்தான்.

ஜூலையில் இம்ப்ளான்ட் வைத்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் கடைப் பெண்ணிடம் டேப்பைக் கொடுத்து எனக்கு ஜாக்கெட் அளவு எடுக்கச் சொன்னேன், ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. வலது 18½, இடது 18¼ என்றாள், சொல்லலாமா வேண்டாமா என்ற குரலில். எழுதிக்கோடி என்றேன். கால் இன்ச்தானே, டாட் பிடிக்கும்போது சரிசெய்துகொண்டேன்.